நெய்தல் நிலத் தோட்டமும் கொடிகளும்

ஐந்திணைகளும் பயிரினங்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. குறிஞ்சி செடி, மருதமும் பாலையும் மரம், நெய்தல் நீர்ப்பூ, முல்லை ஒன்றே கொடி. இச்செய்தியை இலக்கிய மாணவர்கள் தேர்வுக்காக மனத்திற் கொள்வதுண்டு. வீட்டுத் தோட்டம் போடுவோர்க்கும் இது பயன்படும் என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொடியின் பெயரால் வழங்கப்பெற்ற நிலம் காடும் காடு சார்ந்த இடமுமாகும். கடலும் கடல் சார்ந்த இடமும் அன்று. கொடிக்குப் பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு வேண்டும். தளிர் கருகாதிருக்க அடக்கமான காற்று வேண்டும். திறந்த கடற்கரையில் இவ்விரண்டும் இல்லை. அங்ஙனமாயின் கடலை நோக்கி வீடு கட்டியோர் கொடி வளர்க்கவே இயலாதா என்னும் வினா எழுகிறது. இயலும், ஆனால் எந்தக் கொடி என்பதை மலரின் அழகு முடிவு செய்யக் கூடாது, காற்றும் உப்புமே முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நான் வாழும் மேற்கு மாம்பலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. இருப்புப் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகர் 1920களில் எழுந்தபோது நெடிய ஏரியொன்றைத் தூர்த்தே மனைகள் வகுத்தனர் என்பது வரலாறு. அதனை அடுத்த எங்கள் பகுதி மண்ணும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயல்பினது. நெருங்கிய வீடுகள் ஒன்றுக்கொன்று காற்றை மறைத்து நிற்கின்றன. கிணற்றடியில் நட்ட முல்லை மாடிச் சுவரைத் தாண்டிப் படர்கிறது. கேட்பாரற்ற கோவைக்கொடி மின்கம்பத்தையும் விட்டு வைப்பதில்லை. இங்கிருந்து கடல் ஆறேழு கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் அத்தொலைவு ஒரு திணையைக் கடந்து மற்றொரு திணைக்குள் நுழையும் தொலைவாகும்.

எங்கள் தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு குடும்பத்தார் பணி ஓய்வுக்குப் பின்னர்க் கடலோரமாய்க் கொட்டிவாக்கம் பகுதியில் குடியேறினர். வீட்டு அம்மையார் தம் தாயார் காலந்தொட்டு வளர்ந்த முல்லையிலிருந்து பதியன் எடுத்துச் சென்று, அலையோசை கேட்கும் முன்புறச் சுவரோரம் நட்டார். எருவுக்கும் நீருக்கும் குறைவில்லை. எனினும் ஒவ்வோர் ஐப்பசியிலும் கடல் நோக்கிய பக்கத்து இலைகள் நுனியிலிருந்து தீய்ந்து வந்தன. மூன்றாம் ஆண்டில் கொடி பட்டுப்போயிற்று. எஞ்சிய ஒரு பதியனை வீட்டின் மேற்குப் பக்கம், சமையலறைச் சுவரின் மறைவில் வைத்தார். அது இன்றும் பூக்கிறது. ஒரே மண், ஒரே நீர், ஒரே கை; இடையில் நின்றது ஒரு சுவர் மட்டுமே.

காற்றும் உப்பும்

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. சென்னைக் கடற்கரைத் தோட்டத்துக்கு இந்நான்கும் நான்கு வகைச் செயலுடையன. ஆனி, ஆடி மாதங்களில் காலை வேளையில் வீசும் கோடைக்காற்று நிலத்தின் மேலாக வருவதால் வெப்பமும் வறட்சியும் உடையது, உப்பற்றது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்து அதனைத் தணிக்கிறது. நகரத்தார்க்கு இன்பந்தரும் அக்கடற்காற்றில் சிறிதளவு உப்பு உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கடலின் மேலாக வரும் வாடையும் கொண்டலுமே கொடிகளுக்குப் பெருஞ்சோதனையாகும். இம்மாதங்களில்தான் புயல்களும் வருகின்றன.

உப்பு எவ்வாறு இலைக்கு வந்து சேர்கிறது? கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அலை உடையும்போது எழும் நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளாய்க் காற்றில் கலக்கின்றன. அவற்றைக் காற்று சுமந்து வந்து இலையின் மீது படிய வைக்கிறது. வெயிலில் நீர் உலர, உப்பு தங்குகிறது. காற்றில் உராய்ந்து கீறிய தளிர்களின் வழியே அது உள்ளே நுழைந்து நுனியிலும் ஓரத்திலும் சேர்கிறது. எனவேதான் கருகல் எப்போதும் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. மண்ணில் இறங்கிய உப்போ வேரின் வேலையைக் கெடுக்கிறது. மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேரால் அந்நீரை உறிஞ்ச இயலாது. ஈரத்தின் நடுவே நின்றும் கொடி தாகத்தால் வாடும். இதை அறியாதவர் மேலும் மேலும் நீர் ஊற்றுவர்.

நல்வாய்ப்பாக இவ்வுப்புத் துளிகளின் அளவு கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல விரைந்து குறைகிறது. முதல் சில நூறு மீட்டர்களே கடுமையான பகுதி. அதற்குள்ளும் ஒரு சுவரோ புதரோ குறுக்கிட்டால் அதன் பின்புறம் வேறு உலகமாகிவிடும்.

காற்றின் விசையும் எண்ணத்தக்கது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தாக்கும் விசை நான்கு மடங்காகும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்னையைக் கடந்தது. நகரெங்கும் பெருமரங்கள் வேரோடு சாய்ந்ததை மாணவர் பலரும் கண்டிருப்பர். மரமே நில்லாத காற்றில் கொடி எங்ஙனம் நிற்கும் என்று கேட்கலாம். வளைந்து கொடுப்பது கொடியின் வலிமை. அதனைத் தாங்கும் பந்தலுக்கு அவ்வலிமை இல்லை. புயலில் பெரும்பாலும் விழுவது பந்தலே. கொடி அதனோடு இழுபட்டுச் சாகிறது.

அடும்பு

நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் நெய்தலுக்குரிய பூக்களாக நெய்தலோடு தாழை, முண்டகம், அடம்பு ஆகியவற்றைக் கூறுகிறார். மரங்கள் கண்டல், புன்னை, ஞாழல் என்பன. இப்பட்டியலில் கொடியென்று சொல்லத்தக்கது அடம்பு ஒன்றே. அடும்பு என்று சங்க நூல்களிலும் அடப்பங்கொடி என்று இன்றைய வழக்கிலும் கூறப்படுவது இதுவே. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. பிளவுபட்ட இதன் இலையை மானின் குளம்புக்கும், மலரைக் குதிரையின் கழுத்து மாலையில் தொங்கும் மணிக்கும் ஒப்பிட்டார் குறுந்தொகைப் புலவர் நம்பி குட்டுவன். பிற்காலத்தில் இதற்கு இலத்தீனில் பெயரிட்ட மேலைநாட்டாரும் 'ஆட்டின் கால்' என்னும் பொருள்படவே பெயரிட்டனர். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரு சாரார் அதே இலையில் அதே குளம்பைக் கண்டது வியப்புக்குரியது.

அடும்பு ஏறுகொடி அன்று, படர்கொடி. மணலின் மேல் பல மீட்டர் நீளம் ஓடிக் கணுதோறும் வேரூன்றும். ஒரு பகுதியை அலை அறுத்துச் சென்றாலும் மறுபகுதி தன் வேரில் வாழும். தடித்த இலைகள் நீரைச் சேமித்து வைக்கின்றன. விதைகள் கடல்நீரில் மிதந்து தொலைதூரம் சென்றும் முளைக்கும் ஆற்றலுடையன. ஆதலால்தான் உலகின் வெப்பக் கடற்கரைகள் அனைத்திலும் இது காணப்படுகிறது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்துப் பேராலமரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் தன் தாய் அடிமரத்தை இழந்தும் விழுதுகளால் இன்றளவும் வாழ்கிறது. அம்மரம் நிமிர்ந்து நின்று செய்ததை அடும்பு தரையோடு கிடந்து செய்கிறது.

ஆகவே கடலை நேரே நோக்கும் வீட்டார், மதிலுக்கு வெளியே மணல் இருக்குமிடத்தில் முதலில் பேண வேண்டியது இக்கொடியையே. இதற்கு நீரும் வேண்டா, எருவும் வேண்டா. இரண்டு மூன்று கணுவுள்ள தண்டை மழைக்காலத் தொடக்கத்தில் மணலில் புதைத்தால் போதும். காலையில் மலர்ந்து மாலைக்குள் வாடும் இளஞ்செவ்வூதா மலர்கள் எவ்வளவு அழகியவை என்பதை, அதனைக் களையென்று பிடுங்கி எறிவோர் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அடும்பும் சேர்ந்தே மணலைப் பிணித்து மேடாக்குகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பின்னரே மணல்மேட்டின் அருமையைப் பற்றி நம்மவர் பரவலாகப் பேசத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்தது. ஆனால் அழகுபடுத்துதல் என்ற பெயரில் அம்மேட்டைச் சமன்செய்து புல்தரை போடும் வழக்கம் நின்றபாடில்லை. புல்தரைக்கு நாள்தோறும் நன்னீர் வேண்டும். மணலையும் அது அடும்பைப்போல் பிணிப்பதில்லை.

சுவரேறும் கொடிகள்

மதிலின் மேலும் வாயில் வளைவின் மேலும் ஏற்றத்தக்கவற்றுள், உப்புக் காற்றை நேரே தாங்குவதில் முதலிடம் காகிதப்பூவுக்கே உரியது. இது நம் நாட்டுக் கொடியன்று. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சு மாலுமி புகன்வில்லின் பெயரைத் தாங்கியது. அவருடன் சென்ற தாவர அறிஞர் கொமெர்சோன் பிரேசில் நாட்டுக் கரையில் இதனைச் சேகரித்தார். வண்ணமாய்த் தோன்றுவன இதழ்கள் அல்ல. பூவைச் சூழ்ந்த இலைகளே நிறம் மாறி நிற்கின்றன. உள்ளிருக்கும் சிறு வெண்குழலே உண்மையான பூ. மணமில்லாத பூவைப் பூவென்றே ஏற்காத நம் வீட்டுப் பெரியவர்கள் இதனை விரும்புவதில்லை. அவர்கள் சுவையில் நியாயமுண்டு. ஆயினும் கொண்டற்காற்றில் அவர்கள் விரும்பும் மல்லிகை நிற்பதில்லையே! காகிதப்பூ வறண்ட மணலில், குறைந்த நீரில், முழு வெயிலில்தான் மிகுதியாகப் பூக்கும். நாள்தோறும் நீர் ஊற்றுவோர்க்கு இலையை மட்டுமே தரும். முள்ளால் கொளுவி ஏறும் இயல்பினதாகையால் சுவரில் தானே ஒட்டாது. கயிற்றால் பிணிக்க வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் கிளைகளைக் குறுக்கிவிட்டால் புயற்காற்றுக்குப் பிடி கிடைக்காது.

நாட்டுக் கொடிகளுள் பிரண்டையை நான் மிகவும் பரிந்துரைப்பேன். துவையலுக்காக மட்டுமே நினைக்கப்படும் இதன் நாற்பட்டைத் தண்டில் நீர் தேங்கியிருப்பதால் வறட்சி இதனை ஒன்றும் செய்வதில்லை. பற்றுக்கம்பிகளால் வேலியை இறுகப் பிடிக்கும். இலை சிறிதாகையால் காற்று ஊடுருவிச் செல்லும். கோவை, வேலிப்பருத்தி, சீந்தில் ஆகியனவும் கடலோர வேலிகளில் தாமே முளைத்து வாழ்வன. வேலிக்குக் காவலும் வேண்டுமெனின் கழற்சி உள்ளது. அதன் கொக்கிமுள்ளைக் கடந்து ஆடும் வாராது, ஆளும் வாரார். குன்றிமணிக் கொடியும் இவ்விடங்களில் வளரும். விதை கொடிய நஞ்சாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆகாது.

காற்று ஓரளவு தணிந்த இரண்டாம் வரிசைக்குச் சங்குப்பூவும் ரங்கூன் மல்லியும் ஏற்றவை. சங்குப்பூவைக் குறிஞ்சிப்பாட்டு கருவிளை என்றும், அதன் வெண்ணிற வகையைச் செருவிளை என்றும் கூறும். அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் வேர்முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. வெறும் மணலில் இது சிறு உதவியன்று. விதைத்த சில மாதங்களிலேயே பூக்கும். புயலில் அழிந்தாலும் சிந்திய விதைகள் மீண்டும் முளைக்கும். ரங்கூன் மல்லியோ மாலையில் வெண்மையாய் மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பின்னர்ச் செந்நிறம் அடையும். மணம் தேடும் பெரியவர்கள் இதனால் மனநிறைவு கொள்ளலாம். வேகமாய்ப் படர்ந்து பாரமாகும் இயல்புடையதாதலால் மெல்லிய பந்தல் இதற்குப் போதாது.

முல்லை, மல்லிகை, அவரை, பீர்க்கு, பாகல் யாவும் வீட்டின் மறைவில், கடலுக்குப் புறங்காட்டிய பகுதியில் மட்டுமே. சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது உமறுப்புலவர் தமிழகத்தின் மலைவளத்தையும் வயல்வளத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். காப்பிய மரபு அதற்கு இடந்தருகிறது, தோட்டம் இடந்தருவதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். அங்குள்ள பழைய வீடுகளில் வான் நோக்கிய உள்முற்றம் உண்டு. நான்கு புறமும் சுவர் சூழ்ந்த அவ்விடத்தில் காற்று புகாது. வெயிலும் மழையும் மட்டும் இறங்கும். மென்மையான கொடிக்கு அதனினும் சிறந்த இடம் கடலோரத்தில் வேறில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் இதற்கு மற்றொரு சான்று. கடலுக்கு அணித்தாயுள்ள அவ்வூரின் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கொடிகளிலேயே மிக நொய்ந்தது வெற்றிலை. வெயிலும் பொறாது, காற்றும் பொறாது. தாமிரபரணியின் நன்னீரும், கொடிக்கால்களில் நெருக்கமாய் எழுப்பும் அகத்தியுமே அதனை அங்கே வாழ வைக்கின்றன. அகத்தி கொழுகொம்பாகவும் நிற்கிறது. நிழலாகவும் வேலியாகவும் நிற்கிறது. காற்றை முதலில் அடக்கிவிட்டுப் பிறகு கொடியை நடு என்பது நம் உழவர்க்குப் புதிய பாடமன்று.

மறைப்பும் பந்தலும்

காற்றை அடக்குவதென்றால் உயர்ந்த மதில் எழுப்புவதென்றே பலரும் கருதுகின்றனர். அது முழுதும் சரியன்று. இடைவெளியில்லாச் சுவரில் மோதிய காற்று மேலெழுந்து மறுபுறம் சுழலாய் இறங்கும். சுவருக்குச் சிறிது தள்ளி நட்ட கொடியை அச்சுழலே முறிக்கும். ஏறத்தாழப் பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் மறைப்பே நல்லது. தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு வரை அது காற்றின் வேகத்தைத் தணிக்கும். மீனவர் குடியிருப்புகளில் ஓலைத் தட்டியால் அமைக்கும் வேலி இவ்வகையினதே. உயிருள்ள மறைப்பு வேண்டுவோர் புன்னையையும் தாழையையும் நடலாம். அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர்ப் பரப்பில் 2011இல் திறக்கப்பெற்ற தொல்காப்பியப் பூங்கா, அந்நிலத்துக்குரிய நாட்டுத் தாவரங்களை மீட்டு வளர்த்த முயற்சியாகும். தமிழ் மாணவர்கள் கருப்பொருளைப் பாடநூலில் படித்த கையோடு அங்கும் ஒருமுறை சென்று வரலாம்.

பந்தலுக்கு இரும்புக் கம்பியை நாடுவது கடலோரத்தில் வீண். உப்புக் காற்றில் அது சில ஆண்டுகளில் துருப்பிடித்து உதிரும். வெயிலில் காய்ந்து தளிரையும் சுடும். கல்தூண் நெடுநாள் நிற்கும். சவுக்குக் கழி எளிதில் கிடைக்கும், பழுதானால் மாற்றிவிடலாம். கட்டுவதற்குத் தென்னை நார்க் கயிறே தகுந்தது. நைலான் கயிறு காற்றில் அசைந்து தண்டை அறுத்துவிடும். பாரி முல்லைக்குத் தேரீந்தது பறம்பு மலைச் சாரலில். கடற்கரையாயின் அத்தேரின் ஆணியும் அச்சும் துருவேறி, கொடி மீண்டும் தரைக்கே வந்திருக்கும்.

நீர்

இதுகாறும் கூறியவற்றினும் கவனத்திற் கொள்ளத்தக்கது நீர். கடலோர மணலுக்கடியில் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கூறும் கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். மேலே ஓரடி நீரை இறைத்து இழந்தால் கீழேயிருந்து நாற்பதடி உவர்நீர் காலப்போக்கில் ஏறிவரக்கூடும். ஒரு வீட்டார் தம் நிலத்துக்கு ஒவ்வாத கொடியைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் இறைக்கும் நீர் அவர்தம் நீர் மட்டுமன்று. அடுத்த தெருவின் குடிநீருமாகும். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதன் பயன் மற்றெங்கினும் கடலோரத்தில் பெரிது. மாடியில் விழும் மழையை மணலுக்குள் இறக்குவது கொடிக்கும் நன்மை, குடிக்கும் நன்மை.

நீர் வேண்டாதது என்பதற்காகவே எதையும் நட்டுவிடலாகாது. இளஞ்சிவப்புப் பூங்கொத்துகளோடு வேலிதோறும் தொங்கும் மெக்சிகோ நாட்டுக் கொடி ஒன்று உண்டு, கொடிரோஜா என்பர். உப்பையும் வறட்சியையும் தாங்கும். பார்க்க மிக அழகியது. ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துப் பரவி, அருகிலுள்ள நாட்டுச் செடிகளை மூடிக் கொல்லும். பல தீவு நாடுகளில் இது பெருங்களையாய்விட்டது. வெட்டினாலும் கிழங்கிலிருந்து மீண்டெழும். அடும்பு வாழும் மணற்பரப்புக்கு அருகில் இதனை நடுவது தகாது.

நடவுக் காலம் பற்றியும் ஒரு சொல். ஆடிப்பட்டம் உள்நாட்டு உழவர்க்கு மட்டும் உரியதன்று. ஆடியில் காற்று கடுமையாயினும் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது, அதில் உப்பில்லை. அப்போது நட்ட கொடி ஐப்பசிக்குள் வேரூன்றிவிடும். பின்னர் வரும் பெருமழை மண்ணின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். ஐப்பசியிலேயே நடுவோரின் கொடி, வேர் பிடிக்குமுன் புயலைக் காண்கிறது. அக்காலம் தவறியவர் தை பிறக்கும் வரை பொறுத்திருப்பது நன்று.

புயல் கடந்த மறுநாள் முதல் வேலை, மழை போதாதிருந்தால் இலைகளை நன்னீரால் ஒருமுறை கழுவுதல். மூன்று நான்கு நாளில் கடல் நோக்கிய பக்கம் முழுதும் கருகித் தோன்றினாலும் கொடியைப் பிடுங்க வேண்டா. தண்டின் அடிப்பகுதியை நகத்தால் சிறிது கீறிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் கருகிய நுனிகளை மட்டும் நறுக்கிவிட்டு, மாசி வரை காத்திருக்கலாம்.